நிபந்தனையும் அதிகாரமும்

சட்டம் ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும்போது கூடவே ஒரு நிபந்தனையையும் வைக்கிறது. அந்த நிபந்தனையை வேறோர் அதிகாரத்தைக் கொண்டு கழற்றிவிடலாமா? வடக்கு - கிழக்கு இணைப்பு 18 ஆண்டுகள் இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

1987 ஜூலை 29இல் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டில் 13ஆவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. அடுத்தடுத்துள்ள மாகாணங்களை ஒன்றாக்கப் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்றது அரசியலமைப்பு. பாராளுமன்றம் 37ஆம் பிரிவின் மூலம் அந்தப் பொறுப்பைச் சனாதிபதியிடம் கொடுத்தது. ஆனால் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைத்து, சண்டையும் ஓய்ந்துவிட்டதென அவர் திருப்தியடைந்த பின்னரே வடக்கையும் கிழக்கையும் இணைக்கலாம்.

1988 செப்டெம்பரில் இரண்டும் நடந்திருக்கவில்லை. புலிகளும் இந்தியப் படையும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜே.ஆர். ஜயவர்த்தன 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைக் கையிலெடுத்தார். அவசரகால ஒழுங்குவிதியால் சட்டங்களைத் திருத்த அதில் இடமுண்டு. ஆயுதம் களையும் நடவடிக்கை தொடங்கியிருந்தாலே போதும் என்று 37ஆம் பிரிவில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார், பிறகு இணைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை.

கிழக்கைச் சேர்ந்த மூவர் தொடுத்த வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் 2006 ஒக்டோபர் 16இல் அந்தப் பிரகடனம் செல்லாதென்றனர். பொதுப் பாதுகாப்புக்காகத் தந்த அதிகாரம், பாராளுமன்றம் விதித்த நிபந்தனையை மாற்றும் அளவுக்கு நீளாது என்பதே தீர்ப்பின் சாரம். 2007 ஜனவரி 1 முதல் இரு மாகாணங்களும் தனித்தனியாயின.

தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. என் மனக்குறை வேறு. இணைப்பு நீடிக்க வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் 1988 டிசெம்பர் 31க்கு முன் சர்வசன வாக்கெடுப்பு நடத்த வேண்டுமென அதே ஒப்பந்தமும் சட்டமும் கூறின. சனாதிபதி விரும்பினால் பிற்போடலாம் என்றும் கூறின. அந்த அதிகாரம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. ஒழுங்குவிதி எதுவும் தேவைப்படவில்லை. மாறிமாறி வந்த சனாதிபதிகள் பிற்போட்டுக்கொண்டே போனார்கள்.

1981 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 32 வீதம். வடக்கையும் சேர்த்தால் 18 வீதத்துக்கும் குறைவு. நான் படிப்பிக்கும் வினாயகபுரத்தின் தமிழருக்கு அதே இணைப்பு பலமாகத் தெரிந்தது. வடக்கே அக்கரைப்பற்றில் அது பயமாகத் தெரிந்தது. இணைத்தபோது இரு ஊரையும் எவரும் கேட்கவில்லை. பிரித்தபோதும் கேட்கவில்லை. 2008 மே 10இல் கிழக்குக்கென்று தனித் தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டில் கட்சிகளின் சின்னங்கள் இருந்தன. அந்தக் கேள்வி இருக்கவில்லை.