தாய்மேல் போட்ட பழி: ஆட்டிசம் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

நான் பட்டம் வாங்கியவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். தில்லியில் 40 வருஷமாக எவர்சில்வர் பாத்திரக்கடை. ராத்திரி கடை சாத்தியபிறகு புத்தகம் புரட்டுவது பழக்கம். கல்வெட்டு, ஏடு என்று எழுதிவந்தவன் இம்முறை வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

1992இல் எங்கள் மகனுக்கு 4 வயது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டான், டம்ளர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டே இருப்பான். பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். "அம்மா குழந்தையோடு சரியாகப் பழகவில்லை" என்றார். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இந்தி மட்டும் பேசச் சொன்னார். என் மனைவிக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் இந்தி. அன்றிலிருந்து பிள்ளையிடம் அவள் பேச்சே குறைந்துபோயிற்று. ஊருக்குப் போனால் "முன்வினை" என்றார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

பழி வந்த வழி

அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்தார். இது பிறவியிலேயே வருவது என்றுதான் எழுதினார். ஆனால் இப்பெற்றோரில் பாசம் காட்டுவோர் குறைவு என்றும் கூடவே குறித்துவைத்தார். அதுதான் வினையாயிற்று. "குளிர்சாதனப்பெட்டித் தாய்மார்" என்ற பட்டப்பெயர் பரவியது. சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' என்ற நூலில் பெற்றோரையே காரணமாக்கினார்.

இதற்கு மறுப்பு ஒரு தகப்பனிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். அவர் 1964இல் எழுதிய நூல், இது உடல்கூறு சார்ந்தது என்று வாதிட்டது. 1965இல் பெற்றோர் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 1969இல் அச்சங்கக் கூட்டத்திலேயே கேனர் பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார்.

1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. வளர்ப்பு அல்ல, பரம்பரைக் கூறே பெரிது என்பது தெளிந்தது.

ஆக, 1992இல் எங்களுக்கு விற்கப்பட்டது 15 வருஷம் காலாவதியான சரக்கு!

குற்றவாளி துணைவரானது

சிகாகோவிலேயே படித்த எரிக் ஷாப்லர், பெட்டல்ஹைமின் கொள்கையை ஏற்கவில்லை. பிள்ளைக்குக் கற்றுத்தருவதில் பெற்றோரையே துணைச் சிகிச்சையாளராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1971இல் எழுதினார். அடுத்த ஆண்டே வட கரோலினா மாநிலம் அவரது 'டீச்' திட்டத்தை ஏற்றது.

நம் தில்லியில் ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மேரி பருவா 1991இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கினார். பெற்றோருக்குக் கற்றுத்தருவதே அங்கே அடிப்படை. சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் இடம்பெற்றது.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதையே தாய்க்குப் போட்டுக்காட்டிக் கற்றுத்தந்தார்கள். பிள்ளையின் போக்கை அனுசரித்துப் பெற்றோர் பேசுவது கூடியது; பிள்ளை தானாக முன்வந்து பழகுவதும் கூடியது. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் பெரிய நிபுணர் இல்லாத ஊரிலும் வழி உண்டு என்று தெரிந்தது.

வெளிமாநிலத் தமிழருக்கு முக்கியமானது இன்னொன்று. 2012இல் கனடாவில் ஹாம்ப்லி, ஃபோம்போன் இருவரும் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இருமொழி வீட்டில் வளர்ந்தவர்கள் ஒருமொழி வீட்டுப் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்கவில்லை.

இதை நான் வாசித்துச் சொன்னபோது என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா நான் அவன்கிட்ட தமிழ்லயே பேசியிருப்பேனே" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நம்மால் ஆவது

மகனுக்கு இன்று 35 வயதைத் தாண்டிவிட்டது. கடையில் பாத்திரம் அடுக்குவதில் அவனுக்கு நிகர் கிடையாது. "நமக்கப்புறம் யாரு?" என்பதுதான் எங்கள் இரவுக் கவலை. பிள்ளைக்கு 18 வயதானால் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

வினைக் கொள்கை நம்மை நாமே பார்த்துக்கொள்ளத் தந்தது. அடுத்த வீட்டுத் தாயை அளப்பதற்கு அல்ல. சங்க விழாவுக்கு அப்படியொரு பிள்ளை வந்தால் முறைத்துப் பார்க்காதீர்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் அவனோடு உட்காருங்கள். அந்தத் தாய் பந்தியில் நிம்மதியாக ஒருவேளை சாப்பிடட்டும்.