கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட அணி – மாஸ்கோ 1980

ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்க ஒரு அணி எத்தனை வருடம் தயாராக வேண்டும்? நான்கு வருடம்? எட்டு வருடம்? 1980ம் ஆண்டு ஒரு அணிக்குக் கிடைத்தது சில வாரங்கள் மட்டுமே. அந்த அணியின் நாட்டுக்கே அப்போது வயது மூன்று மாதம்தான்!

ஜிம்பாப்வே பெண்கள் ஹாக்கி அணியின் கதை அது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஆண்கள் அணி வாங்கிய தங்கம். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றார்கள். அது நடந்தது ஜூலை 29ந் தேதி. சரியாக இரண்டு நாள் கழித்து, ஜூலை 31ந் தேதி, அதே மாஸ்கோவில் பெண்கள் ஹாக்கியில் தங்கம் வென்றது ஜிம்பாப்வே. பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான். அதாவது பெண்கள் ஹாக்கியின் முதல் ஒலிம்பிக் தங்கம் ஹாலந்துக்கோ ஜெர்மனிக்கோ போகவில்லை, ஜிம்பாப்வேக்குப் போனது!

எப்படி நடந்தது இது? அதற்குக் கொஞ்சம் அரசியல் தெரிய வேண்டும்.

யார் யாரைப் புறக்கணித்தார்கள்?

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அடுத்த வருடம் ஜூலையில் மாஸ்கோவில் ஒலிம்பிக். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1980 ஜனவரி 20ந் தேதி ஒரு மாதக் கெடு விதித்தார். படைகளைத் திரும்பப் பெறாவிட்டால் அமெரிக்கா மாஸ்கோவுக்கு வராது என்றார். கெடு முடிந்தது, படைகள் நகரவில்லை. அமெரிக்கா விலகியது. மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா, கென்யா, பாகிஸ்தான் என்று பல நாடுகள் பின்தொடர்ந்தன. கடைசியில் மாஸ்கோவுக்கு வந்தவை 80 நாடுகள். 1956க்குப் பிறகு அவ்வளவு குறைவாக நாடுகள் கலந்துகொண்டது அப்போதுதான்.

ஆப்பிரிக்க நாடுகளைத் தன் பக்கம் இழுக்க கார்ட்டர் யாரை அனுப்பினார் தெரியுமா? குத்துச்சண்டை வீரர் முகமது அலியை! 1980 பிப்ரவரியில் தான்சானியா, கென்யா, நைஜீரியா, லைபீரியா, செனகல் என்று அலி சுற்றிவந்தார். தான்சானியா அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். போன இடத்தில் அலியிடம் கேட்கப்பட்ட கேள்வி நியாயமானது. 1976ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கை ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போயிருந்தது? நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்து ரக்பி அணி போனதால், நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. யாரும் காது கொடுக்கவில்லை. 25க்கும் மேற்பட்ட நாடுகள் வெளியேறின. அப்போது அரசியலையும் விளையாட்டையும் கலக்காதீர்கள் என்று புத்தி சொன்ன மேற்கத்திய நாடுகளில் சில, நான்கே வருடத்தில் தாங்களே புறக்கணிப்பில் இறங்கின.

புறக்கணிக்கப்பட்ட நாட்டிலிருந்து ஒரு அணி

இப்போது ஜிம்பாப்வேக்கு வருவோம். 1980 ஏப்ரல் 18க்கு முன்னால் அப்படி ஒரு நாடே கிடையாது. அதன் பழைய பெயர் ரொடீசியா. மக்கள் தொகையில் மிகச் சிறு பகுதியான வெள்ளையர்கள் 1965 நவம்பர் 11ந் தேதி, இயான் ஸ்மித் தலைமையில், பிரிட்டனிடமிருந்து தாங்களாகவே சுதந்திரம் அறிவித்துக்கொண்ட நாடு. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஆட்சியில் பங்கு தரக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். உலகம் ஏற்கவில்லை. ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. உள்ளே பல வருடம் விடுதலைப் போர் நடந்தது, ஆயிரக்கணக்கில் உயிர்கள் போயின.

விளையாட்டிலும் இதே நிலைதான். 1964 டோக்கியோவில் ரொடீசியாவின் ஆண்கள் ஹாக்கி அணி ஆடியிருக்கிறது. அதற்குப் பிறகு கதவு மூடிக்கொண்டது. 1968ல் மெக்சிகோவுக்குப் போக முடியவில்லை. 1972ல் ரொடீசிய வீரர்கள் மியூனிக் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஆடினால் நாங்கள் வெளியேறுவோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் சொல்லிவிட்டன. தொடக்க விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒலிம்பிக் கமிட்டி வாக்கெடுப்பு நடத்தியது. 36க்கு 31 என்ற கணக்கில் ரொடீசியாவுக்கு விடுத்த அழைப்பு ரத்தானது. 1975ல் நிரந்தரமாகவே நீக்கிவிட்டார்கள்.

1979 டிசம்பரில் லண்டனில் உடன்பாடு, 1980 பிப்ரவரியில் தேர்தல், ராபர்ட் முகாபே பிரதமர், ஏப்ரல் 18ல் புதிய நாடு, புதிய கொடி. பல வருடமாக உலகம் புறக்கணித்த ஒரு நாடு உள்ளே வரும் நேரம் பார்த்து, உலகத்தில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்தது! இந்தத் தற்செயல்தான் நம் கதையின் முடிச்சு.

காலி இடங்கள்

பெண்கள் ஹாக்கியில் ஆறு அணிகள் ஆடுவதாக இருந்தது. புறக்கணிப்பில் ஐந்து அணிகள் போய்விட்டன. மிஞ்சியது போட்டியை நடத்தும் சோவியத் யூனியன் மட்டும். 1978ல் உலகக் கோப்பை வென்ற ஹாலந்து இல்லை, அந்த இறுதிப் போட்டியில் ஹாலந்திடம் தோற்ற மேற்கு ஜெர்மனியும் இல்லை. ஒரு அணியை வைத்துக்கொண்டு போட்டி நடத்த முடியுமா? அவசர அவசரமாக மாற்று அணிகளைத் தேடினார்கள். இந்தியா, செக்கோஸ்லோவாகியா, போலந்து, ஆஸ்திரியா, ஜிம்பாப்வே வந்தன.

ஜிம்பாப்வேக்கு அழைப்பு வந்தது போட்டிக்குச் சில வாரம் முன்னால். அணியை இறுதி செய்தது கிட்டத்தட்ட கிளம்புகிற சமயத்தில். வீராங்கனைகள் யாரும் ஹாக்கியைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டும் வார இறுதியில் ஆடியவர்கள். தடைக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த வெளிப் போட்டியெல்லாம் பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவில்தான். இன்னொரு விஷயம்... மாஸ்கோவில் போட்டி செயற்கைப் புல்தரையில். ஜிம்பாப்வேயில் அப்போது அப்படி ஒரு மைதானமே கிடையாது. இயற்கைப் புல்லில் ஆடிப் பழகியவர்கள், அந்தத் தரைக்கு ஏற்ற காலணிகளையே மாஸ்கோ போன பிறகுதான் வாங்க வேண்டியிருந்தது.

அணித் தலைவி ஆன் கிராண்ட். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இவரை வேறு வழியில் அறிமுகப்படுத்தலாம். 1983 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த ஜிம்பாப்வே அணியின் கேப்டன், பின்னாளில் இங்கிலாந்துக்கும் 2011 முதல் 2015 வரை இந்தியாவுக்கும் பயிற்சியாளராக இருந்த டங்கன் ஃப்ளெட்சரின் சகோதரி இவர். அணியில் சான்ட்ரா சிக், சோனியா ராபர்ட்சன் என்று இரட்டைச் சகோதரிகளும் இருந்தார்கள்.

ஐந்து ஆட்டங்கள்

இறுதிப் போட்டி என்று தனியாக எதுவும் இல்லை. ஆறு அணிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டும். வென்றால் 2 புள்ளி, சமன் செய்தால் 1 புள்ளி. அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தங்கம்.

ஜிம்பாப்வேயின் கணக்கு இதுதான்:

போலந்து – 4-0 வெற்றி
செக்கோஸ்லோவாகியா – 2-2 சமன்
சோவியத் யூனியன் – 2-0 வெற்றி
இந்தியா – 1-1 சமன்
ஆஸ்திரியா – 4-1 வெற்றி

சொந்த மண்ணில் ஆடிய சோவியத் அணியை ஒரு கோல்கூட விடாமல் வென்றதைக் கவனியுங்கள். கடைசி ஆட்டம் ஆஸ்திரியாவோடு. அதில் தோற்றிருந்தால் ஜிம்பாப்வே 6 புள்ளியோடு நின்றிருக்கும், 7 புள்ளி எடுத்த செக்கோஸ்லோவாகியா மேலே போயிருக்கும். 4-1 என்று வென்று 8 புள்ளியோடு தங்கத்தை எடுத்தார்கள். ஐந்து ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. செக்கோஸ்லோவாகியாவுக்கு வெள்ளி, சோவியத்துக்கு வெண்கலம்.

நம் இந்தியப் பெண்கள் 5 புள்ளியோடு நான்காம் இடம். ஆஸ்திரியாவையும் போலந்தையும் வென்று, செக்கோஸ்லோவாகியாவிடம் 1-2, சோவியத்திடம் 1-3 என்று தோற்றார்கள். தங்கம் வென்ற அணியோடு சமன் செய்தும் ஒரே ஒரு புள்ளியில் வெண்கலம் கைநழுவியது. இந்தியப் பெண்கள் ஹாக்கி மீண்டும் ஒலிம்பிக்கில் ஆட 2016 வரை, நான்காம் இடத்தை மீண்டும் தொட 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்களின் தங்கத்தைக் கொண்டாடும்போது இந்த நான்காம் இடத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மலிவான தங்கமா?

இந்தத் தங்கத்தைப் பற்றி இரண்டு விதமான முணுமுணுப்பு உண்டு.

முதலாவது, பலமான அணிகள் வராததால் கிடைத்தது என்பது. இதில் உண்மை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலந்து தங்கமும் மேற்கு ஜெர்மனி வெள்ளியும் வாங்கின. ஜிம்பாப்வே பெண்கள் ஹாக்கி அணி அதன் பிறகு ஒலிம்பிக் பக்கமே வரவில்லை. ஆனால் ஒரு அணியால் வெல்ல முடிவது வந்த அணிகளை மட்டும்தானே? வராதவர்களைத் தோற்கடிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இந்த அளவுகோலை எடுத்தால் பாஸ்கரன் அணியின் தங்கத்தையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும். பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் மேற்கு ஜெர்மனியும் அங்கேயும் வரவில்லை. ஜிம்பாப்வேயைக் குறைத்துச் சொல்லிவிட்டு இந்தியாவை மட்டும் தூக்கி வைக்க முடியாது.

இரண்டாவது முணுமுணுப்பு இன்னும் கனமானது. அந்த அணியில் இருந்த அத்தனை பேரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் உயிர் கொடுத்து வாங்கிய விடுதலையின் முதல் ஒலிம்பிக் தங்கம், பழைய ஆட்சியில் மைதானமும் நல்ல பள்ளிக்கூடமும் கிடைத்தவர்களின் கழுத்தில் விழுந்தது. இது அந்த வீராங்கனைகளின் குற்றம் இல்லை. ஆனால் யாருக்கு மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அந்த அணியின் புகைப்படம் ஒன்றே சொல்லிவிடும். அந்த விடுதலைப் போரில் நிகோமோவின் ஸாப்பு இயக்கத்துக்கு ஆயுதம் கொடுத்த சோவியத்தின் தலைநகரிலேயே இவர்கள் தங்கம் வாங்கினார்கள் என்பது வரலாற்றின் இன்னொரு வேடிக்கை.

இத்தனைக்கும் நடுவில் புதிய நாடு அவர்களைத் தன் பிள்ளைகளாகவே வரவேற்றது. 'தங்கப் பெண்கள்' என்று பெயர் வைத்தது. ஆளுக்கு ஒரு மாடு பரிசு என்று அறிவிக்கப்பட்டதாகவும், கடைசியில் கைக்கு வந்தது ஒரு பொட்டலம் இறைச்சிதான் என்றும் ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக, ஒரே கொடியின் கீழ் சந்தோஷப்பட முதல் முறையாக ஒரு விஷயம் கிடைத்தது. அந்த ஒற்றுமை நீடித்ததா என்றால், அது வேறு சோகக் கதை.

புறக்கணிப்பு என்ன சாதித்தது?

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது 1989 பிப்ரவரியில். ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஒன்பது வருடம் கழித்து! 1984ல் சோவியத்தும் அதன் நட்பு நாடுகளும் பதிலுக்கு லாஸ் ஏஞ்சல்ஸைப் புறக்கணித்ததுதான் உடனடிப் பலன். நடுவில் நொந்தவர்கள் விளையாட்டு வீரர்கள். வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த ஹாலந்து, மேற்கு ஜெர்மனி பெண்களில் பலருக்கு இன்னொரு ஒலிம்பிக் வாய்த்திருக்காது.

அப்படியென்றால் எல்லாப் புறக்கணிப்பும் வீணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ரொடீசியாவையும் தென்னாப்பிரிக்காவையும் உலகம் ஒதுக்கி வைத்தது பல வருடம் தொடர்ந்தது. விளையாட்டோடு நிற்காமல் வணிகம், கடன், ஆயுதம் என்று எல்லாப் பக்கமும் இறுக்கியது. உள்ளே போராடிய மக்களே அதைக் கேட்டார்கள். 1980ல் நடந்ததோ இரண்டு வாரத் திருவிழாவுக்கு வராமல் இருந்தது மட்டும். இரண்டுக்கும் புறக்கணிப்பு என்று ஒரே பெயர்தான், ஆனால் வேலை வேறு.

1980க்குப் பிறகு ஜிம்பாப்வே அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைப் பார்க்க 24 வருடம் ஆனது. 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் நீச்சல் வீராங்கனை கர்ஸ்டி கவன்ட்ரி ஏழு பதக்கங்கள் வென்றார். 2024 பாரிஸ் வரையிலான கணக்கில் அந்த நாட்டின் மொத்தப் பதக்கம் எட்டு: கவன்ட்ரியின் ஏழு, ஆன் கிராண்ட் அணியின் ஒன்று. எட்டையும் வென்றவர்கள் பெண்கள். 2025 மார்ச்சில் அதே கவன்ட்ரி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர். 1972ல் மியூனிக் வாசலில் வைத்து 36க்கு 31 என்று திருப்பி அனுப்பிய அதே கமிட்டிக்கு!