இல்லாத வாடகைக்கு வரி: காசி 1811 முதல் இன்றைய மதிப்பீடு வரை

வீட்டு வரிச் சீட்டில் சென்ற ஆண்டு இருந்த தொகை இவ்வாண்டு இருமடங்காகி நிற்கும்போது, "ஏன் வரியை ஏற்றினார்கள்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். பல நேரங்களில் வரி விகிதம் ஏறியிருப்பதே இல்லை, ஏறியது மதிப்பீடு. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வீட்டுக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்று மதிப்பிட்டால் ஆண்டு வாடகை 60,000. பழுதுபார்ப்புக்கென 10 விழுக்காடு கழித்தால் 54,000. அதில் 12 விழுக்காடு வரி என்றால் 6,480 ரூபாய். விகிதத்தைத் தொடாமல், அந்த 5,000 என்னும் எண்ணை மட்டும் 10,000 ஆக மாற்றிவிட்டால் வரி 12,960 ஆகிவிடும். அவ்வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார், ஒரு காசும் வாடகை வரவில்லை என்பதால் இக்கணக்கில் மாற்றம் எதுவும் நேராது. நிகழாத ஒரு வாடகையைக் கற்பனை செய்து அதன்மேல் வரி விதிப்பதே இந்திய நகரங்களின் சொத்து வரிக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. இந்தக் கற்பனைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எதிர்த்தவர்களுக்கும் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1810-இல் பதினைந்தாம் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பிறப்பித்துக் காசி, பாட்னா முதலிய நகரங்களின் வீடுகளுக்கு வரி விதித்தது. குடியிருப்பு வீடுகளுக்கு ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு, கடைகளுக்கு 10 விழுக்காடு. வாடகைக்கு விடாத வீட்டுக்கும் அக்கம்பக்க வீடுகளை ஒப்புநோக்கி ஒரு வாடகை குறிக்கப்பட வேண்டும். அதற்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் காசி நகரம் தன் வேலைகளை நிறுத்திக்கொண்டது. கடைகள் மூடப்பட்டன. கொல்லர்கள் முன்னின்று பிற தொழிலாளரை அழைத்தனர். படகோட்டிகளும் வேலையை விட்டனர். இறந்தோருக்குச் சடங்கு செய்ய உரியவர் வராமையால் பிணங்கள் அப்படியே கங்கையில் விடப்பட்டன என்று மாஜிஸ்திரேட்டின் கடிதம் கூறுகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திறந்த வெளியில் அமர்ந்து, வரி நீங்கும்வரை கலைவதில்லை என்று உறுதிபூண்டிருப்பதாக 1811 சனவரித் தொடக்கத்தில் கலெக்டர் எழுதினார். 1824-இல் காசிக்கு வந்த பிஷப் ஹீபர் இந்நிகழ்வைச் செவிவழியாகக் கேட்டுத் தம் பயணக் குறிப்பில் எழுதியபோது கூட்டத்தின் அளவு மூன்று இலட்சமாகியிருந்தது. நிகழ்ந்த அளவினும் நினைவில் நின்ற அளவு பெரிது என்பதற்கு அதுவே சான்று.

காந்திய வரலாற்றாய்வாளர் தரம்பால் கம்பெனி ஆவணங்களிலிருந்து இவற்றைத் திரட்டி 1971-இல் நூலாக வெளியிட்டார். ஒத்துழையாமை என்பது இந்திய மண்ணில் முன்பே வழக்கிலிருந்த ஒன்று எனக் காட்டுவது அவர் நோக்கம். அவர் தந்த ஆவணங்களில் என்னை அதிகம் ஈர்த்தது நகரத்தார் அளித்த மனுவின் வாதமுறை. வரிச்சுமை தாங்க முடியவில்லை என்பது அதன் ஒரு பகுதி மட்டுமே; முத்திரைத் தீர்வை, நகரத் தீர்வை எனப் பல ஏற்கெனவே இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அதற்கும் ஆழமான வாதம் ஒன்று அதில் உண்டு. முந்தைய சுல்தான்கள் நிலவருவாயில் பங்கு கொண்டார்களேயன்றி, குடிகள் வாழும் வீட்டின்மேல் அவ்வுரிமையை ஒருபோதும் நீட்டியதில்லை என்றார்கள். நிலபுலன்களை ஏலத்தில் விற்கும்போதும் உரிமையாளரின் குடியிருப்பு விலக்கப்படும் வழக்கத்தை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். நிலம் விளைகிறது, கடை ஈட்டுகிறது, குடியிருக்கும் வீடு ஈட்டுவதில்லை. விளைச்சல் இல்லாத இடத்தில் பங்கு கேட்பது எந்த முறை என்பதே அவர்கள் வினாவின் சாரம். மேலும், காசியின் தெருக்கள் வாயிற்கதவுகளால் பிரிக்கப்பட்டு, அவற்றின் காவலர்க்குக் குடிகளே ஊதியம் தந்துவந்தனர். காவலுக்கு ஏற்கெனவே கொடுத்துவருபவனிடம் இன்னொரு வரி கேட்கப்பட்டது.

கூட்டத்தின் ஆரவாரத்துக்குப் பணிவது அரசின் மதிப்பைக் குலைக்கும் என்று கல்கத்தா கருதியது. ஆகவே முதலில் முழு விலக்கு இல்லை. சமயக் கட்டடங்களுக்கும் மிக எளியோர் குடியிருப்புகளுக்கும் மட்டும் சலுகை தரப்பட்டது. காசி மன்னரின் இடையீட்டால் மக்கள் கலைந்தனர். பாட்னா, முர்ஷிதாபாத், பாகல்பூர் ஆகிய ஊர்களிலும் எதிர்ப்பு எழவே, 1812-இல் சட்டமே நீக்கப்பட்டது. எல்லா இடத்திலும் முடிவு இவ்வாறு அமையவில்லை. 1816-இல் பரேலியில் சௌக்கிதாரி வரியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி படைபலத்தால் ஒடுக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர்.

காசியில் தோற்ற கருத்து நகராட்சிச் சட்டங்களின் வழியே திரும்பி வந்தது. அதன் வாசகம் இங்கிலாந்தின் உள்ளாட்சி வரிச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம், ஒரு கட்டடம் ஆண்டுதோறும் என்ன வாடகைக்கு விடப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ அதுவே வரிக்குரிய மதிப்பின் அடிப்படை என்றது. மொழியியல் பயின்ற கண்ணுக்கு இத்தொடரின் அமைப்பே முதலில் படுகிறது. இதில் எழுவாய் இல்லை. எதிர்பார்ப்பவர் யார், நியாயம் யாருடையது, வாடகைக்கு வருபவர் யார் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் வரி மதிப்பீட்டாளர் அமர்ந்துகொண்டார். அவர் எதிர்பார்த்ததே நியாயமான எதிர்பார்ப்பாயிற்று. வீட்டுக்காரருக்கும் மதிப்பீட்டாளருக்கும் இடையே பேரமும் கையூட்டும் நுழைவதற்கான வழி இத்தொடரிலேயே இருந்தது.

விடுதலைக்குப் பின் இந்த வெற்றிடத்தை நிரப்பியவை நீதிமன்றங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நடப்பிலிருந்த காலம் அது; பம்பாயின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் 1940 செப்டம்பர் 1 அன்றிருந்த வாடகையையே நிலையான வாடகையாகக் கொண்டது. சட்டப்படி வாங்கக் கூடாத வாடகையை எவ்வாறு நியாயமாக எதிர்பார்க்க முடியும்? கல்கத்தா மாநகராட்சிக்கும் பத்மா தேவிக்கும் இடையிலான வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, நிலையான வாடகையைத் தாண்டி மதிப்பிடக் கூடாது என்றது. தில்லியின் திவான் தௌலத் ராய் கபூர் வழக்கில், நிலையான வாடகை முறைப்படி நிர்ணயிக்கப்படாத வீட்டுக்கும் உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கும் அவ்வரம்பு பொருந்தும் என நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார்.

குடியிருப்போருக்கு இது பெரும் காப்பு. ஆனால் அதன் பின்விளைவையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மதிப்பு உறைந்ததால் மாநகராட்சிகளின் வருவாயும் உறைந்தது. ஒரே தெருவில், ஒரே அளவில் இரு வீடுகள். பழையது மிகக் குறைந்த வரி செலுத்த, கட்டுமானச் செலவை வைத்து மதிப்பிடப்பட்ட புதியது அதைப்போலப் பன்மடங்கு செலுத்தியது. குறைந்த அடித்தளத்தில் வேண்டிய தொகையைத் திரட்ட விகிதங்களை ஏற்றிக்கொண்டே போனார்கள். பாட்னாவில் அது ஆண்டு மதிப்பில் 43.75 விழுக்காடு வரை சென்றது.

மாற்றமும் பாட்னாவிலேயே தொடங்கியது. 1993-இல் அங்கு வந்த விதிகள், சாலையின் தரம், கட்டடத்தின் வகை, பயன்பாடு ஆகிய மூன்றைக் கொண்டு சதுர அடிக்கு ஒரு மதிப்பை அறிவித்து, விகிதத்தை 9 விழுக்காடாகக் குறைத்தன. 1995-இல் உச்ச நீதிமன்றம் அம்முறையை ஏற்றது. பெங்களூரு 2000-இல் சுயமதிப்பீட்டுக்கு வந்தது. தில்லி 2004-இல் குடியிருப்புப் பகுதிகளை எட்டு வகையாகப் பிரித்து, முதல் வகைக்குச் சதுர மீட்டருக்கு 630 ரூபாய், இறுதி வகைக்கு 100 ரூபாய் என்று அலகு மதிப்பு குறித்தது. மும்பை 2010 முதல் வாடகையைக் கைவிட்டுச் சொத்தின் மூலதன மதிப்பையே அடிப்படையாகக் கொண்டது.

தில்லி முறையில் ஒரு சிறு காரணி உண்டு. குடியிருப்பு வீட்டில் உரிமையாளரே வாழ்ந்தால் பெருக்கும் எண் 1, வாடகைக்கு விட்டால் 2. பெங்களூருவும் பின்னர் அலகு மதிப்பு முறைக்கு வந்தபோது, உரிமையாளர் வாழும் வீட்டுக்கு வாடகை வீட்டினும் குறைந்த மதிப்பையே வைத்தது. வாழும் வீடும் ஈட்டும் வீடும் ஒன்றல்ல என்று 1811-இல் காசி மக்கள் சொன்னதன் ஒரு பகுதி, சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு பெருக்கெண்ணாகச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. அவர்களை யாரும் நினைவுகூர்ந்து அதைச் செய்ததாகத் தெரியவில்லை; அந்த வாதம் ஒவ்வொரு தலைமுறைக்கும் தானாகவே தோன்றுமளவுக்கு இயல்பானது.

அப்படியானால் இன்றும் வரி ஏன் திடீரெனப் பாய்கிறது? மதிப்புகளைக் குறித்த காலத்தில் திருத்தாமல் விடுவதே முதன்மைக் காரணம். சென்னையில் 1998-க்குப் பின் பொதுச் சீராய்வு நிலைபெறவில்லை. 2018-இல் அறிவித்த உயர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. பதினைந்தாம் நிதிக்குழு, உள்ளாட்சி மானியம் பெறவேண்டுமெனில் சொத்து வரிக்குக் கீழ்வரம்பு அறிவிக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தபின், 2022-இல் மாநகரின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் உயர்ந்தது. தேர்தல் அச்சத்தால் கால் நூற்றாண்டு தள்ளிப்போட்டதை ஒரே ஆண்டில் வசூலிக்கும்போது, ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது தண்டனையாகவே தோன்றும். அவரது வீட்டின் விலை ஏறியிருக்கலாம், வருமானம் ஏறவில்லை. விற்றால் மட்டுமே கைக்கு வரும் மதிப்புக்கு, விற்காமலே வரி கட்டுகிறார்.

இவ்வரலாறு நடைமுறைக்குத் தரும் பாடங்கள் சில. முதலாவது, சீட்டில் உள்ள தொகையை விடுத்து அது பிறந்த கணக்கைப் பாருங்கள். பரப்பளவு, மண்டலம், கட்டடத்தின் வயது, பயன்பாடு, தாமே குடியிருப்பதா வாடகையா என்னும் பதிவு ஆகியவற்றில் ஒன்று தவறாக இருந்தாலும் வரி மாறிவிடும். குடியிருப்பை வணிகம் என்று குறித்துவிட்டால் உயர்வு பன்மடங்காகும். இரண்டாவது, தவறு உங்கள் வீட்டின் விவரத்தில் என்றால் குறித்த கெடுவுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தரவேண்டும். அதற்குமேல் மும்பையில் சிறு வழக்கு நீதிமன்றம், தில்லியில் நகராட்சி வரித் தீர்ப்பாயம் என மேல்முறையீட்டு வழிகள் உள்ளன. மும்பைச் சட்டத்தைப்போல, வரியைச் செலுத்திய பின்னரே மேல்முறையீடு கேட்கப்படும் என்ற விதி இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. மூன்றாவது, தவறு உங்கள் பகுதிக்குக் குறித்த அலகு மதிப்பில் என்றால் தனியொருவரின் ஆட்சேபம் பயன் தராது. அது முழுத் தெருவுக்கும் பொதுவான எண். அதை எதிர்க்கவேண்டிய இடம், வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும் கட்டம். எதிர்க்கவேண்டியவர், கூட்டாக அத்தெரு.

நகரத்துக்குக் குடிநீரும் கழிவுநீர் வாய்க்காலும் விளக்கும் வேண்டும். அவற்றுக்கு வரி வேண்டும். சொத்து வரியே கூடாது என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. கணக்கைக் காட்டு, அதன்மேல் என் சொல்லையும் கேள் என்பது குடிமகனின் உரிமை. காசியில் அமர்ந்திருந்தோர் கையில் ஒரு மனு இருந்தது. அதில் வழக்காறும் சான்றும் தருக்கமும் இருந்தன. நம் கைக்கு மதிப்பீட்டுச் சீட்டு வரும்போது, செலுத்துவதற்கு முன் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவோம்.