தமிழ் விக்கித் தளங்களில் தலைப்பு எழுத்துரு

விக்கித் தளம் ஒன்றில் கட்டுரைத் தலைப்பும் உட்தலைப்புகளும் எந்த எழுத்துருவில், எந்த அளவில் தோன்ற வேண்டும் என்பதைத் தளம் முழுமைக்குமான பாணித்தாள் (சிஎஸ்எஸ்) தீர்மானிக்கிறது. இலத்தீன் எழுத்துகளுக்கென வகுக்கப்பட்ட அளவுகள் தமிழுக்கு அப்படியே பொருந்தாததால், தமிழ்த் தலைப்புகளுக்குத் தனி விதிகள் தேவைப்பட்டன.

பின்னணி

1990களில் தமிழ் இணையத்தளங்கள் வெவ்வேறு குறியாக்கங்களையும் எழுத்துருக்களையும் பயன்படுத்தின. உரிய எழுத்துருவைப் பதிவிறக்காத வாசகருக்குத் தலைப்பும் உரையும் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியைப் பயன்படுத்தியது. இதனால் உரையைத் தொடாமலே அதன் தோற்றத்தை மட்டும் மாற்ற முடிந்தது. எனினும், தமிழ் எழுத்துரு இல்லாத கணினிகளில் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்களே தெரிந்தன. இக்குறையைப் போக்க, 2011 இறுதியில் இந்திய மொழி விக்கிகளில் இணைய எழுத்துரு வசதி சேர்க்கப்பட்டது.

வரி உயரம்

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு அருகிலுள்ள பேரூராட்சியான மம்சாபுரத்தின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ‘மம்சாபுரம்’ என்பதில் ‘ம்’ எழுத்தின் புள்ளி மேலே நிற்கிறது. ‘பு’, ‘ர’ ஆகியவை கீழே இறங்குகின்றன. வரி உயரம் போதாவிட்டால் இப்பகுதிகள் வெட்டுப்படும் அல்லது அடுத்த வரியுடன் மோதும். புள்ளி மறைந்தால் ‘ம்’ என்பது ‘ம’ ஆகிவிடும். எனவே இது அழகு சார்ந்த குறை மட்டுமன்று. சொல்லையே மாற்றும் பிழை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் பாணித்தாளில் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் முதல்நிலைத் தலைப்புக்கு வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்காகவும், உட்தலைப்புகளுக்கு 1.2 மடங்காகவும் வகுக்கப்பட்டது.

2014 மாற்றம்

2014 ஏப்ரலில் விக்கிப்பீடியாவின் தலைப்புகள் லினக்சு லிபர்டைன், சியார்சியா போன்ற முனைக்கோடுள்ள எழுத்துருக்களுக்கு மாற்றப்பட்டன. இவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே உலாவி, கணினியிலுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைத் தலைப்புக்கு எடுத்துக்கொள்ளும். ஆண்டு எண்ணுடன் கூடிய தலைப்பில் எண் ஒரு பாணியிலும் தமிழ் எழுத்து வேறு பாணியிலும் தோன்ற இதுவே காரணம்.

மாற்றும் உரிமை

தளம் முழுமைக்குமான பாணித்தாளில் செய்யும் ஒரு வரி மாற்றம் எல்லாக் கட்டுரைகளையும் பாதிக்கும். பாதுகாப்புக் கருதி, 2018 முதல் அதைத் தொகுக்கும் உரிமை இடைமுக நிர்வாகிகளுக்கு மட்டுமே உண்டு. புகுபதிகை செய்த பயனர் எவரும் தம் சொந்தப் பாணித்தாளில் தலைப்பின் எழுத்துருவையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். அம்மாற்றம் அவருக்கு மட்டுமே தெரியும்.