தாமதம்

'தாமதம்' என்னும் சொல், இருளைக் குறிக்கும் 'தமஸ்' என்ற வடமொழி மூலத்தினின்று 'தாமஸம்' என்றாகி, 'மாஸம்' தமிழில் 'மாதம்' ஆனதைப் போலவே ஸகரம் தகரமாகத் திரிந்து வந்ததாகும்; முக்குணங்களுள் சோம்பலையும் மயக்கத்தையும் குறித்த அது, இன்று காலக்கழிவையே பெரிதும் சுட்டுகின்றது.

அத்தகைய காலக்கழிவுக்கு ஒரு சான்று: சென்னை வேளச்சேரிக்கு 2007-இல் வந்துசேர்ந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலைவரை நீட்டும் ஐந்து கிலோமீட்டர்ப் பணி, 2008-இல் தொடங்கப்பெற்றும், ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலம் எடுப்பது பற்றிய வழக்கினால் பல்லாண்டுகள் தடைப்பட்டு, ரூ.495 கோடி என்ற மதிப்பீட்டையும் கடந்தது.

கோவளத்தில் வீடு கட்டுவோர்க்கும், ஐப்பசி மழைக்கு முன் கடைக்கால் வேலை முடியாவிடில், பள்ளத்தில் நீர் தேங்கி, மோட்டார் வாடகையும் கடன் வட்டியும் காவற்கூலியும் ஒருங்கே ஏறும். ஆதலின், எந்த வேலையின் தாமதம் முடிவுநாளைத் தள்ளுகிறது, அதற்குப் பொறுப்பாளி எவர் என்பவற்றை அன்றன்றே குறித்துவைப்பது கட்டுவோரின் முதற்கடமை.