குழந்தையின் ஆர்வமே வழிகாட்டி: வீட்டில் செய்து கற்றல் (1 முதல் 5 வயது வரை)

“இரண்டரை வயதாகிறது; ஓரிடத்தில் அமர்ந்து எழுத மறுக்கிறான்” என்பது புறநோயாளர் பிரிவில் பெற்றோர் அடிக்கடி தெரிவிக்கும் கவலையாகும். இவ்வயதில் எழுத மறுப்பது நோயன்று. எழுதுகோலைப் பிடித்து எழுதும் அளவுக்கு விரல்களின் செயல்திறன் இன்னும் முதிரவில்லை. அதே குழந்தை பாத்திரங்களை அடுக்குவதிலும் மூடிகளைத் திறப்பதிலும் நெடுநேரம் ஈடுபடும். அந்த ஈடுபாட்டிலிருந்தே கற்றலைத் தொடங்குங்கள்.

ஆர்வம் ஏன் முக்கியம்?

குழந்தை உற்றுநோக்கிக்கொண்டிருக்கும் பொருளின் பெயரை நீங்கள் கூறும்போது, அச்சொல் எளிதில் பதிகிறது. விரும்பிச் செய்யும் செயலில் கவனமும் நீடிக்கிறது. 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். ஊற்றுதல், துடைத்தல், பொத்தான் இடுதல் போன்ற வீட்டுச் செயல்களையே அவர் குழந்தைகளுக்கான பாடமாக அமைத்தார்.

என்ன செய்யலாம்?

முதலில் சில நிமிடங்கள் எதுவும் சொல்லாமல் கவனியுங்கள். குழந்தை எதை நாடுகிறதோ அதையொட்டிய செயலைக் கொடுங்கள்.

- ரயில்: அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் ரயில் ஒலி கேட்டதும் சன்னலுக்கு ஓடும் குழந்தைகள் பலர். காலிப் பெட்டிகளை வரிசையாக்கி ரயில் செய்யுங்கள். பெட்டிகளை எண்ணுங்கள், முன், பின், வேகம், மெது ஆகிய சொற்களைப் பேச்சில் சேருங்கள்.
- கருவிகள்: தொழிற்பேட்டையில் பணிபுரியும் தந்தையின் நட்டு, போல்ட்டை நாடும் குழந்தைக்கு, வெவ்வேறு அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களையும் அவற்றின் பெரிய மூடிகளையும் கொடுங்கள். எது எதற்குப் பொருந்தும் என்பதை அதுவே கண்டறியட்டும்.
- பூ, கீரை: பூ தொடுக்கும்போது மல்லியையும் கனகாம்பரத்தையும் பிரிக்கச் சொல்லுங்கள். கீரை ஆய்வதும் சப்பாத்தி மாவு உருட்டுவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி.

தவறாகச் செய்தால் உடனே திருத்த வேண்டாம். சலிப்புற்றால் நிறுத்திவிடுங்கள். ஷிப்டு வேலை செய்யும் பெற்றோர் நாள்தோறும் 15 நிமிடங்களாவது கைபேசியை விலக்கிவைத்து உடனிருந்தால், அதுவே நல்ல தொடக்கம். தாத்தா, பாட்டியும் இதைச் செய்யலாம்.

கைபேசி

உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஒரு வயது வரை திரை அறவே கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அது பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகக் கூடாது, குறைவாயின் நன்று.

பாதுகாப்பு

- மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நாணயம், புளியங்கொட்டை, வேர்க்கடலை, மணி போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும்.
- வாளித் தண்ணீர் அருகே குழந்தையைத் தனியே விடாதீர்கள். சிறிதளவு நீரிலும் மூழ்கும் ஆபத்து உண்டு.
- பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

குழந்தையோடு அமர்ந்து விளையாடும் பெற்றோரே வளர்ச்சித் தாமதத்தை முதலில் அறிய இயலும். கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருப்பினும் “தானே சரியாகிவிடும்” எனக் காத்திருக்க வேண்டாம்:

- பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காமை
- 18 மாதங்களில் பிடிமானமின்றி நடக்காமை. விரும்பிய பொருளை விரலால் சுட்டிக்காட்டாமை
- 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை
- ஒரே பொருளைச் சுழற்றுவதிலேயே மூழ்கி, பிறரோடு அதைப் பகிர்ந்து மகிழாமை
- முன்பு கற்ற சொல்லையோ செயலையோ இழத்தல் (எந்த வயதிலும்)

இவை ஒவ்வொன்றும் நோயின் உறுதியான சான்றல்ல. பரிசோதனை தேவை என்பதற்கான அறிகுறிகள். விரைவில் கண்டறிந்தால் பயிற்சியின் பலன் மிகுதி.

எங்கு அணுகுவது?

அருகிலுள்ள அங்கன்வாடி மையத்திலோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவியுங்கள். தாய் சேய் நல அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள். 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தேவைப்படுவோர் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். அங்குச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.