"ஓம், நானும் பாத்தனான்" எண்டு சொல்ல ஆளில்லை

எங்களில் ஒருத்தியின் பூட்டி 1930இல் பிறந்தவ. அவவுக்கு ஒரு வயசாகும்போது சர்வசன வாக்குரிமையோடு இலங்கையின் முதல் தேர்தல் நடந்தது. வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தின் நாலு ஆசனங்களுக்கும் ஒருவரும் வேட்புமனுப் போடவில்லை. எங்களுக்கு அது புத்தகத்தில் வாசித்த சரித்திரம். அவவுக்குத் தகப்பன் சொன்ன வீட்டுக்கதை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அப்போது அவவுக்கு 65 வயசு. நடக்க ஏலாத முதியவர்கள் பலர் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். அந்த இரவைப் பதிவுசெய்யத்தான் நாங்கள் போனோம்.

அவ சொன்னது வேறை. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, றெயினில் சிதம்பரம் போன கதை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. கப்பலில் கூடவந்த தங்கச்சியும் இப்போது இல்லை.

"நான் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு சொல்ல ஒரு சனமும் இல்லைப் பிள்ளையள்," என்றா.

நீண்ட ஆயுளை நாங்கள் வரம் என்கிறோம். ஆனால் தான் கண்டதைக் கூடக் கண்டவர்கள் எல்லாரும் போன பிறகும் இருப்பதுதான் அந்த வயசு. திகதிகளை நாங்கள் புத்தகத்தில் சரிபார்க்கலாம். அந்தக் கடற்காற்றை ஆரிட்டைக் கேட்பது?

சொன்னதையே திருப்பிச் சொல்லுறா எண்டு எழும்பி வருகிறோமே, அது மறதி மட்டுமில்லை. அவ சாட்சி தேடுறா. அடுத்தமுறை கொஞ்சம் கூடநேரம் இருப்பம்.